லென்ஸுக்கு இந்தப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம், மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது, கல்யாண ஆர்டருக்கு அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம் என்பது போன்ற கேள்விகளுக்கு நடுவே, "நிர்வாணப் படம் எடுப்பது தப்பா மேடம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "நிற்பவர் வயது வந்தவராக இருந்து, மனசார நின்றால் தப்பில்லை" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு பெரிய கவரில் போட்டு மேற்கு மாம்பலத்துக்கு அனுப்பிவைத்தார். பாதி வசவு. "குடும்பப் பத்திரிகையில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: மீதிப் பாதியும் குடும்பங்களில் இருந்துதான் வந்திருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க இதே பேச்சு. பூஞ்சைக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட்டு எழுதியவர்களின் பெயரையும் நானே எடுத்துவிட்டேன்.

*

"எனக்கு 24 வயது, ஐ.டி. வேலை. இன்ஸ்டாகிராமில் ஒரு போட்டோகிராஃபர் 'ஆர்ட் நியூட் கொலாப் பண்ணலாமா?' என்று கேட்கிறார். முகம் வராதாம். பணம் கிடையாது, எனக்கு போர்ட்ஃபோலியோ ஆகுமாம். ஈ.சி.ஆரில் ஒரு வில்லா. தனியாக வந்தால்தான் 'வைப்' சரியாக இருக்குமாம். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது அக்கா. போகலாமா?" – வேளச்சேரி

உன் ஆசையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லைம்மா, அது உன்னுடையது. அந்த ஆளைப் பற்றிப் பேசுவோம். "தனியாக வா" என்றதுமே நானாக இருந்தால் பேச்சை முடித்திருப்பேன். இந்த மாதிரி வேலையில் நல்ல போட்டோகிராஃபர் தானாகவே, "கூட ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வாங்க, என் பக்கம் ஒரு லேடி அசிஸ்டென்ட் இருப்பாங்க" என்று சொல்லிவிடுவார். அது அவருக்கும் பாதுகாப்பு. நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் அறையில் நடந்ததைச் சொல்ல இன்னும் இரண்டு பேர் இருப்பார்களே.

அப்புறம் இந்த கொலாப். இதில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார். அவருக்குப் படம் கிடைக்கிறது, பக்கத்துக்கு ஆள் சேர்கிறது, நாளைக்கு "ஃபைன் ஆர்ட் நியூட் ஒர்க்‌ஷாப்" என்று போஸ்டர் போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம். உனக்கு? முகமே இல்லாத போர்ட்ஃபோலியோவைக் காட்டி எந்த விளம்பரக் கம்பெனியில் வாய்ப்புக் கேட்பாய்? எனவே முதலில் சம்பளம் கேள். உடையோடு நிற்கும் மாடலுக்கே நாள் சம்பளம் உண்டு.

"முகம் வராது" என்பதையும் அவ்வளவு நம்பாதே. தோளில் இருக்கும் மச்சம், பி.சி.ஜி. தழும்பு, கணுக்காலில் குத்திய டாட்டூ, இதெல்லாம் உன் சித்தி பெண்ணுக்குப் போதும். படக் கோப்புக்குள் தேதியும் நேரமும் எழுதியிருக்கும், போனில் எடுத்தால் எடுத்த இடமும் சேர்ந்திருக்கலாம்.

சம்மதம் என்று எல்லோரும் ஒற்றையாகச் சொல்கிறார்கள். என் கணக்கில் அது மூன்று. எடுக்க ஒன்று, எடுத்ததை வைத்துக்கொள்ள ஒன்று, அடுத்தவருக்குக் காட்ட ஒன்று. முதலாவதுக்குச் சரி சொன்னவள் மற்ற இரண்டுக்கும் சரி சொன்னதாக ஆகாது. நம் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில், பழைய தண்டனைச் சட்டத்தில் 354-சி, ஒரு விளக்கம் இருக்கிறது: ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களிடம் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை. ஆகவே மூன்றையும் தனித்தனியாக, தமிழிலேயே, ஒரு தாளில் எழுதி வாங்கு. இன்ஸ்டாவா, கண்காட்சியா, புத்தகமா, எத்தனை வருடம் என்பதும் அதில் வர வேண்டும்.

மெமரி கார்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. "உங்க முன்னாடியே டெலீட் பண்ணிடறேன்" என்பார்கள். டெலீட் செய்த கார்டை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கொடுத்தால், மேலே வேறு படம் எடுக்காத வரை பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடுவார்கள். எனவே புது கார்டு ஒன்றை நீயே வாங்கிக்கொண்டு போ, சில நூறு ரூபாய்தான். ஷூட் முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள். நீ சரி சொன்ன படங்களை மட்டும் அவர் லேப்டாப்பில் ஏற்றிக்கொள்ளட்டும், கார்டு உன் பையில் வரட்டும். இன்னொன்று: பெரிய கேமராக்களில் கார்டு போட இரண்டு ஸ்லாட் இருக்கும். ஒன்றில் விழும் படம் அப்படியே இன்னொன்றிலும் விழும்படி செட் பண்ணலாம். அந்தச் சின்ன மூடியைத் திறந்து காட்டச் சொல். காட்டக் கூச்சப்படுகிற ஆளிடம் நீ துணியைக் கழற்றப் போகிறாயா?

போஸ் சரி பண்ணுகிறேன் என்று கை மேலே வரக்கூடாது. முடி முகத்தில் விழுந்தால் வாயால் சொன்னால் போதும், நீயே ஒதுக்கிக்கொள்வாய். வேண்டுமானால் அவர் நின்று காட்டட்டும். நான் இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்று காட்டுவதைப் பார்த்துப் பல மாடல்கள் சிரித்திருக்கிறார்கள், அந்தச் சிரிப்பில் பாதிப் பதற்றம் போய்விடும்.

கடைசியாக, போவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுப் பார். "நடுவில் எனக்கு வேண்டாம் என்று தோன்றினால்?" என்று. "தாராளமா நிறுத்திடலாம், சம்பளம் பேசினபடி உண்டு" என்றால் மேற்கொண்டு பேசலாம். "அப்ப என் டைம் வேஸ்ட்தானே?" என்றால் வேளச்சேரியிலேயே இருந்துவிடு.

*

"நான் இன்ஜினீயர், வார இறுதியில் போட்டோகிராஃபி. நம் கோயில் கோபுரங்களில் இல்லாத நிர்வாணமா? கலைக்கு ஃபார்ம், கையெழுத்து, லேடி அசிஸ்டென்ட் என்றெல்லாம் போனால் கலை எங்கே வரும்? ஆண்களை மட்டும் சந்தேகப்படுவதுதான் சமத்துவமா?" – பெரம்பூர்

சார், கோபுரத்தை நானும் அண்ணாந்து பார்ப்பவள்தான். ஆனால் சுதைச் சிற்பத்துக்கு மாமியார் கிடையாது, ஹெச்.ஆர். கிடையாது, அதன் படத்தை யாரும் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இது நம்ம பி பிளாக் பொண்ணு இல்ல?" என்று கேட்பதும் கிடையாது. உங்கள் முன்னால் நிற்கப்போகிறவளுக்கு இது எல்லாமே உண்டு.

கலைக்குக் கட்டுப்பாடு ஆகாது என்கிறீர்கள். எழும்பூர் கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. நான் அங்கே படித்தபோது லைஃப் ஸ்டடி வகுப்பில் ஒரு பெரியவர் கோவணத்தோடு மரமேடையில் உட்காருவார். அவருக்கு நேரக் கணக்கு உண்டு, இடைவேளை உண்டு, டீ உண்டு, சம்பளம் உண்டு. மாஸ்டர் உட்பட யாரும் அவரைத் தொடமாட்டார்கள். கால் மரத்துப்போனால் அவர் கையைத் தூக்குவார், நாங்கள் கரியைக் கீழே வைத்துவிடுவோம். கோடு எவ்வளவு அருமையாக வந்துகொண்டிருந்தாலும் சரி. அதனால் எங்கள் யாருக்கும் கலை குறைந்துவிடவில்லை.

கட்டுப்பாடே இல்லாமல் படம் எடுத்த காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் எழும்பூரே போதும். அங்கிருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் கண்காணிப்பாளராக இருந்தார். மலைவாழ் மக்கள், பல சாதியினர் என்று ஆட்களை நிற்கவைத்து மண்டை, மூக்கு, தோள் எல்லாம் அளந்தார், படமும் எடுத்தார். 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவர் புத்தகம் ஏழு தொகுதிகளாக வந்தது. அதில் இருக்கும் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது. இன்ன சாதி ஆண், இன்ன மலைப் பெண், அவ்வளவுதான். இடுப்புக்கு மேல் துணியில்லாமல் நேராக லென்ஸைப் பார்த்து நிற்கிறார்கள். "வேண்டாம் துரை" என்று அவர்களில் எத்தனை பேரால் சொல்லியிருக்க முடியும்?

சந்தேகம் ஆண்கள் மேல் மட்டுமா என்று கேட்டீர்கள். என்னிடம் உருவப்படம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு, ஆண் பெண் எல்லோருக்கும் அதே விதிதான்: மாடலை எந்த அளவுக்கு உடையில்லாமல் எடுக்க நினைக்கிறீர்களோ, அந்த அளவுக்கு முதலில் நீங்கள் ஸ்டூலில் உட்கார வேண்டும். படத்தை உங்கள் கார்டிலேயே எடுத்து உங்களிடமே கொடுத்துவிடுவேன். ஒரு பேங்க் மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், ஒளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். பனியனுக்குக் கை போனது, அங்கேயே நின்றுவிட்டது. "மேடம், லைட் கொஞ்சம் ஹார்ஷா இருக்கே" என்றார். குறைத்தேன். "ஃபேன் சத்தம்" என்றார். நிறுத்தினேன். ஒரு வழியாகப் பனியனைக் கழற்றி, வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் இடது பக்கம் நகர்ந்ததும், "மேடம், இந்தப் பக்கத்துலேர்ந்து வேண்டாமே" என்றார். சரி என்று வலது பக்கம் போய்விட்டேன். அடுத்த வாரம் மாடலை அவர் எடுத்தபோது நகர்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "இந்தப் பக்கம் வரலாமாம்மா?" என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

உங்களுக்கும் ஸ்டூல் காலியாக இருக்கிறது சார்.

*

"ஏன் எப்போதும் பெண்ணையே எடுக்கிறார்கள்?" – பெயரில்லாத அஞ்சலட்டை, சைதாப்பேட்டை முத்திரை

கேமரா ரொம்ப நாள் ஆண்கள் கையில் இருந்தது, சுவரில் எதை மாட்டுவது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். 1989-ல் நியூயார்க்கில் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீன கலைப் பிரிவில் தலை எண்ணியது. அங்கே இடம் பெற்ற கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. மாட்டியிருந்த நிர்வாண உருவங்களில் பெண்கள் 85 சதவீதம். பெண் உள்ளே போக வேண்டுமென்றால் துணியைக் கழற்ற வேண்டுமா என்று போஸ்டர் அடித்துக் கேட்டார்கள்.

திருப்பிப் போட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் இமோஜன் கன்னிங்ஹாம் என்ற போட்டோகிராஃபர் 1915-ல் தன் கணவரை ரெய்னியர் மலையில் உடையில்லாமல் நிற்கவைத்து எடுத்தார். படம் வெளிவந்ததும் ஊரே கூச்சல் போட்டது. ஆண்கள் தங்கள் மனைவிகளை எடுத்துக் குவித்தபோது இத்தனை சத்தம் எழவில்லை.

நம் ஊரிலேயே பாருங்களேன். மெரினாவில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலையில் நான்கு ஆண்கள் இடுப்புத் துணியோடு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அதே கோலத்தில் நான்கு பெண்கள் இருந்திருந்தால் எத்தனை நாள் நின்றிருக்கும்? கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் இதைத் தொட்டுப் பேசியது. தன் அரைநிர்வாண உடலில் தன் குழந்தைகளையே ஓவியம் வரையச் செய்து வீடியோ வெளியிட்ட ஒரு தாயின் மேல் போட்ட வழக்கு. ஆணின் வெற்று மார்பை யாரும் ஆபாசம் என்பதில்லை, பெண்ணுக்கு மட்டும் அந்த உரிமை மறுக்கப்படுகிறது என்ற பொருளில் சொல்லி, அவரை வழக்கிலிருந்து விடுவித்தது.

*

"நான் ஜிம் டிரெய்னர். ஃபிட்னஸ் ஷூட்டுக்குப் போனேன். ஜட்டியோடு எடுப்பதாகத்தான் பேச்சு. நடுவில் 'அதையும் எடுத்துடு, லைனிங் சரியா வரல, நான் க்ராப் பண்ணிடுவேன்' என்று போட்டோகிராஃபர் வற்புறுத்தினார். கூட இருந்த நாலு பேரும் 'ஆம்பளதானடா' என்று சிரித்தார்கள். எடுத்தேன். இப்போது க்ராப் பண்ணாத படம் ஒரு சைட்டில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது அக்கா. ஆணுக்குச் சட்டம் உண்டா?" – அயனாவரம்

உண்டு தம்பி. நான் மேலே சொன்ன 77-வது பிரிவு உனக்கு உதவாது, பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால்தான் அது. அந்த ஓட்டையை எப்போது அடைப்பார்களோ. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு "எந்த ஒரு நபரின்" அந்தரங்க உறுப்பின் படத்தையும் என்று பேசுகிறது. சம்மதமில்லாமல் எடுத்தாலோ, வெளியிட்டாலோ, அனுப்பினாலோ மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் ஆண், பெண், திருநங்கை என்ற பேதம் இல்லை.

முதலில், படம் இருக்கும் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. கோபத்தில் போட்டோகிராஃபருக்குப் போன் போட்டுக் கத்தாதே, அவர் உஷாராகிவிடுவார். பழைய வாட்ஸ்அப் பேச்சில் "ஜட்டியோடுதான்" என்று எங்காவது இருக்கும், அதைத் தேடி எடு. 1930-க்குப் போன் செய், அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதிவு செய். ஸ்டேஷனுக்கு ஒரு வக்கீலையோ நண்பனையோ கூட்டிப் போ. படம் இருக்கும் தளத்துக்கும் தனியாக எழுது. அந்தரங்க உறுப்பு தெரியும் படத்தைப் பற்றிச் சம்பந்தப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த விதிகளில் இருந்தது, 2026-ல் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். வேறு இடங்களுக்குப் பரவாமல் தடுக்க ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவச வசதி இருக்கிறது. உன் படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் ரேகை மாதிரி ஒரு எண் வரிசை மட்டும் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அடையாளம் கண்டு தடுக்கும்.

2025 ஜூலையில் நம் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்கள் பரவிய வழக்கு வந்தது. 48 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவு போனது. நீதிமன்றம் காது கொடுக்கிறது, நாம் போக வேண்டும்.

"ஆம்பளதானடா" என்று சிரித்த நாலு பேரை நினைத்தால்தான் எனக்கு எரிகிறது. ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த அறையில் ஒருத்தராவது தயங்கியிருப்பார். உன்னிடம் கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. பெண் உடம்பைப் பொத்தி வைக்க வேண்டிய பொருளாகப் பார்க்கிற அதே கண்தான், ஆண் உடம்புக்கு மானம் ஏது என்றும் பார்க்கிறது. 2022-ல் ரன்வீர் சிங் ஒரு பத்திரிகைக்குத் துணியில்லாமல் நின்றபோது, பெண்களின் மனம் புண்பட்டதாக மும்பையில் வழக்குப் போட்டார்களே, அதையும் நினைத்துக்கொள்கிறேன். மனசார நின்றவர் மேல் வழக்கு, வற்புறுத்தி நிற்கவைக்கப்பட்ட உனக்குச் சிரிப்பு.

*

"போட்டோகிராஃபி மாணவன். என் கிளாஸ்மேட்டுக்கு 18 ஆக நாலு மாதம்தான் இருக்கிறது. அவளே சம்மதிக்கிறாள். ஃபைனல் ப்ராஜெக்ட்." – அண்ணா நகர்

எடுக்காதே. அவள் சரி சொன்னாலும் அவள் அம்மாவே கையெழுத்துப் போட்டாலும் சட்டத்தில் அது செல்லாது. போக்சோ சட்டம் 2012, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி இரண்டும் பாயும். 18 வயது ஆகாதவர்களின் இப்படிப்பட்ட படத்தைப் போனில் வைத்திருப்பது ஒரு குற்றமா என்று கேட்பவர்களுக்கு: அப்படி ஒரு வழக்கை 2024 ஜனவரியில் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே தள்ளிவிட்டது. ப்ராஜெக்ட்டுக்கு காசிமேட்டில் வலை பின்னுகிற கைகளை எடு.

*

"எனக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தழும்போடு ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசை, எனக்காக மட்டும். வீட்டுக்காரர் 'இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்' என்கிறார். அவர் சம்மதம் வேண்டுமா? படம் யாருக்குச் சொந்தம்?" – மடிப்பாக்கம்

சம்மதம் வேண்டியதில்லை அம்மா. உங்கள் உடம்பு, நீங்கள் வயது வந்தவர், விஷயம் அதோடு முடிந்தது. மனைவியின் படத்துக்குக் கணவர் கையெழுத்து என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது கல்யாணம் ஆனவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் அவரிடம் பேசிப் பாருங்கள். உங்களோடு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு அந்தத் தழும்பைப் பார்த்தால் வேறு ஏதோ பயம் வரலாம். "எதுக்கு இதெல்லாம்" என்பது அந்தப் பயம் பேசுகிற பேச்சாகவும் இருக்கலாம். அப்படியில்லாமல் வெறும் கௌரவப் பிரச்சினை என்றால், உங்கள் தெருவையே ஒரு காலை நேரம் சுற்றிக் காட்டுங்கள். பைபாஸ் ஆபரேஷன் தழும்பு நெஞ்சின் நடுவே நீளமாக ஓட, தோளில் துண்டோடு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் மாமாக்கள் எத்தனை பேர்! அதை யாரும் நிர்வாணம் என்று சொல்வதில்லை.

சொந்தம் யாருக்கு என்பது நல்ல கேள்வி, பலர் கேட்காமல் விடுகிறார்கள். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பொதுவாகப் படம் எடுத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, உரிமை உங்களுடையது. எனவே "தெரிஞ்சவங்கதான், காசு வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், "இந்தப் படங்கள் இவருக்கே சொந்தம், என்னிடம் நகல் இல்லை" என்று அதன் பின்னாலேயே எழுதி வாங்குங்கள். ஃபிலிம் காலத்தில் புரசைவாக்கத்தில் அப்பாவின் ஸ்டுடியோவில் இந்த மாதிரி ரோல் எப்போதாவது வந்தால் அப்பா லேபுக்கு அனுப்பமாட்டார். லேபில் யாராவது எக்ஸ்ட்ரா பிரின்ட் போட்டு வைத்துக்கொள்வார்கள் என்று பயம். தானே இருட்டறையில் கழுவி, வீணான பிரின்ட்டைக்கூடக் கிழித்து, நெகட்டிவோடு கையில் கொடுத்து அனுப்புவார்.

எடுக்கும் நாளைப் பற்றியும் கொஞ்சம். காலையில் இருந்தே தளர்வான நைட்டியில் இருங்கள். பாவாடை நாடா, உள்ளாடைப் பட்டையின் தடம் தோலில் வெகு நேரம் மறையாது. ஏ.சி. வேண்டாம், புல்லரித்துவிடும். வெயில் நேராக அடிக்காத ஜன்னல், அதில் ஒரு பழைய எட்டு முழ வேட்டியைக் கட்டினால் ஒளி மெதுவாக இறங்கும். ஒளி பக்கவாட்டில் இருந்து வந்தால் தழும்பு ஆழமாகத் தெரியும், எதிரில் இருந்து வந்தால் தட்டையாகிவிடும். உங்களுக்கு எது வேண்டும் என்று போட்டோகிராஃபரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவராக முடிவு பண்ணக்கூடாது. மகளோ தோழியோ கூட இருக்கட்டும். என்னிடமே வருவதானாலும் சரி, மாம்பலம் ஒன்றும் தூரமில்லை.

*

"மூன்று வருடம் முன்பு ஒரு போட்டோகிராஃபருக்கு நியூட் மாடலாக நின்றேன். ரிலீஸ் ஃபார்மில் கையெழுத்துப் போட்டேன், சம்பளமும் வாங்கினேன். கண்காட்சியில் வைத்தார், தன் பக்கத்திலும் போட்டிருக்கிறார். அப்போது எனக்கு வருத்தமில்லை. இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. 'கையெழுத்துப் போட்டாச்சே' என்கிறார். நான் மாறக்கூடாதா?" – திருவான்மியூர்

மாறலாம். ஆனால் இதில் நான் உங்களுக்கு இனிப்பாக மட்டும் பேச முடியாது. நீங்கள் புரிந்து, சம்பளம் வாங்கி, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. அவரும் மறைத்து எதுவும் செய்யவில்லை. விற்றுப்போன பிரின்ட்டை ஒருவர் வீட்டுச் சுவரிலிருந்து இறக்கச் சொல்ல முடியாது. அவர் உழைப்பும் அதில் இருக்கிறது.

அதே சமயம், ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் ஆள் தன் சொத்து என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் அராக்கி என்ற உலகப் புகழ் போட்டோகிராஃபருக்கு 2001 முதல் 2016 வரை மாடலாக இருந்த காவோரி என்ற பெண் 2018-ல் எழுதினார். ஒப்பந்தம் என்று எதுவும் இருந்ததில்லை, படங்களை எங்கே எப்படிப் போடுகிறார்கள் என்று தன்னிடம் கேட்டதில்லை, பல வேளை சம்பளமும் இல்லை என்று. வெளியில் உலகம் அவரை "கலைஞரின் தேவதை" என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. உங்களிடம் ஃபார்மாவது இருக்கிறது. அதை எடுத்துப் படியுங்கள். "எல்லா ஊடகத்திலும், எக்காலத்திலும்" என்று இருக்கிறதா, கண்காட்சி என்று மட்டும் இருக்கிறதா? கண்காட்சி மட்டும் என்றால் தன் பக்கத்தில் போட அவருக்கு உரிமை இல்லை, உடனே எடுக்கச் சொல்லலாம். எல்லாமே எழுதியிருந்தாலும் ஒரு மரியாதையான கடிதம் எழுதுங்கள்: இனி புதிதாக எங்கும் வெளியிட வேண்டாம், இணையத்தில் இருப்பதை எடுத்துவிடுங்கள், விற்றது விற்றதாக இருக்கட்டும், தேவையானால் வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. என் தொழில்காரர்களில் நான் மதிக்கிறவர்கள் இப்படி ஒரு கடிதம் வந்தால் பணம் கேட்காமலே எடுத்துவிடுவார்கள். உங்களுடையவர் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் ஃபார்மையும் நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள், தெரிந்த வக்கீலம்மாவிடம் காட்டிச் சொல்கிறேன்.